ஆறாம் வகுப்பும் ஏறி இறங்கும் மதிப்பெண்ணும்

ஐந்தாம் வகுப்பு வரை ஒரு சீராகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் கால் வைத்ததும் ஒரு தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தாறு வாங்குகிறான். அடுத்த தேர்வில் அதே பாடத்தில் பதினெட்டு வாங்குகிறான். மூன்றாவது தேர்வில் முப்பத்திரண்டு. தில்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா என்று எங்கே வசித்தாலும் நம்மவர் வீடுகளில் இது அடிக்கடி காணும் நிகழ்ச்சி. உடனே வீட்டில் என்ன நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "டி.வி., போன் எல்லாம் கட்" என்பார் அப்பா. "நல்ல டியூஷனாப் பார்த்துச் சேர்த்துடுங்கோ" என்பார் பக்கத்து வீட்டு மாமி. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். எல்லாத் தேர்விலும் பதினெட்டே வாங்கும் பிள்ளையின் நிலை வேறு. முப்பத்தாறும் பதினெட்டும் மாறி மாறி வாங்கும் பிள்ளையின் நிலை வேறு. படிக்கவே முடியாத பிள்ளைக்கு ஒரு தடவைகூட முப்பத்தாறு வராது. ஆகவே "இவனுக்குப் படிப்பு வருமா, வராதா?" என்ற கேள்விக்கு இங்கே வேலை இல்லை. நல்ல மார்க் வந்த தேர்வுக்கும் குறைந்த மார்க் வந்த தேர்வுக்கும் நடுவில் என்ன வேறுபாடு இருந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இக்கட்டுரை கூற முற்படுகிறது.

ஆறாம் வகுப்பில் என்ன மாறுகிறது?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிப் படிப்பை 5, 3, 3, 4 ஆண்டுகள் என நான்கு கட்டங்களாகப் பிரித்தது. இதில் 6, 7, 8 வகுப்புகள் நடுநிலைக் கட்டம். கட்டம் மாறும்போது பள்ளி நடக்கும் விதமே மாறிவிடுகிறது. அதுவரை பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியைதான் நாள் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் குழந்தைக்கு எதில் தடுமாற்றம் என்பது அவருக்கு மனப்பாடம். ஆறாம் வகுப்பு முதல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒருவர் விடையைப் பாயிண்ட் பாயிண்டாக எழுதச் சொல்வார். இன்னொருவர் பத்தியாக எழுதச் சொல்வார். ஒருவர் ஹோம்வொர்க்கைப் பலகையில் எழுதிப் போடுவார். இன்னொருவர் மணி அடிக்கும்போது வாயால் சொல்லிவிட்டுப் போவார். ஐந்தாறு பேருடைய வழக்கங்களையும் பதினோரு வயதுப் பிள்ளை தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல பள்ளிகளில் மூன்றாம் மொழியும் இங்கேதான் நுழைகிறது.

பாடப் புத்தகங்களும் மாறியுள்ளன. 2024-ல் என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புக்குப் புதிய நூல்களை வெளியிட்டது. வரலாறு, புவியியல், குடிமையியல் என மூன்று புத்தகங்களாக இருந்த சமூக அறிவியல் இப்போது ஒரே புத்தகம். ஆகவே அக்கா படித்த கைடையும் நோட்டையும் தம்பிக்கு அப்படியே எடுத்துக் கொடுப்பது பயன் தராது.

கணிதப் புத்தகமான 'கணித பிரகாஷ்' பத்து அத்தியாயங்கள் கொண்டது. கோடுகளும் கோணங்களும், பகா எண்கள், சுற்றளவும் பரப்பளவும், பின்னங்கள், வடிவங்களை வரைதல், சமச்சீர், சுழிக்குக் கீழான எண்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. படம் பார்த்துச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளை சமச்சீர் வந்த தேர்வில் முப்பத்தாறு வாங்கும். பின்னம் வந்த தேர்வில் பதினெட்டுக்கு இறங்கும். நாம் "கணக்குல ஏறி இறங்கறான்" என்கிறோம். உண்மையில் கணக்கு என்ற ஒரே பெயருக்குள் பல பாடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டில்தான் அவனுக்குத் தடங்கல்.

மார்க்கை விட்டு விடைத்தாளைப் பாருங்கள்

ரேங்க் கார்டு நமக்குத் தருவது ஓர் எண் மட்டுமே. விஷயம் முழுவதும் விடைத்தாளில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கோபம் ஆறிய பிறகு, கடைசி இரண்டு மூன்று விடைத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். தாள்கள் வீட்டுக்கு வராத பள்ளியானால் பெற்றோர் சந்திப்பு நாளில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். போன ஒவ்வொரு மார்க்கும் எதனால் போனது என்று கீழ்க்கண்ட ஐந்து இனங்களில் ஒன்றில் சேருங்கள்.

ஒன்று, பாடமே புரியவில்லை. இரண்டு, புரிந்திருந்தது, தேர்வு நேரத்தில் மறந்துவிட்டது. மூன்று, விடை தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்று புரியவில்லை. நான்கு, தெரிந்தும் நேரம் போதாமலோ அவசரத்திலோ தவறாக எழுதியது. ஐந்து, நோட்டு, ப்ராஜெக்ட், செயல்பாடு ஆகியவற்றை உரிய நாளில் கொடுக்காததால் போன மார்க்.

எடுத்துக்காட்டாக, ஒரு பிள்ளைக்கு அறிவியலில் பதினாறு மார்க் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் புரியாமல் போனது மூன்று, மறந்தது இரண்டு, கேள்வி விளங்காமல் போனது ஐந்து, அவசரத்தில் ஒன்று, நோட்டு கொடுக்காமல் ஐந்து. இந்தப் பிள்ளைக்கு அறிவியல் டியூஷன் வைத்து என்ன பயன்? டியூஷன் சரிசெய்யக்கூடியது முதல் மூன்று மார்க்கைத்தான். பத்து மார்க் வேறு இரண்டு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்படி மூன்று தேர்வுகளுக்குச் செய்தால் ஒரு வடிவம் தெரியவரும். புரியாதது என்று வந்தவற்றை அத்தியாயப் பெயரோடு எழுதிவையுங்கள். உதாரணமாக, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதைத் தனியாகவும் கீழே உள்ளதைத் தனியாகவும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஐந்தில் இரண்டு என்பது அரையை விடக் குறைவு. அரையோடு ஒன்றைக் கூட்டினால் அரையை விடக் குறையுமா என்று ஒரு தோசையை வைத்துக் கேட்டால் பிள்ளையே சிரித்துவிடும். சுழிக்குக் கீழான எண்களில் தடுமாறினால் மெட்ரோ நிலையத்து லிஃப்டைக் காட்டுங்கள். தரைக்குக் கீழே இரண்டாவது தளத்திலிருந்து ஐந்து தளம் ஏறினால் எங்கே நிற்போம்? பிள்ளை விரலை மடக்கி எண்ணட்டும். மூன்றாம் மாடி என்று வந்துவிடும். இதற்கு வேண்டியது அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும்தான்.

நமக்கே உரிய ஒரு சிக்கல்: மொழி

மூன்றாவது இனத்தில், அதாவது கேள்வி விளங்காத இனத்தில், மார்க் அதிகம் போனால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இது மிக முக்கியம். நம் பிள்ளை வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி என்று மூன்று ஓடைகளில் நீந்துகிறது.

தில்லியில் ஆங்கில வழிப் பள்ளியிலும் ஆசிரியர் பாதி விளக்கத்தை ஹிந்தியில் சொல்லிவிடுவது உண்டு. ஹிந்தி எண்களையே பாருங்கள். தமிழில் இருபத்தொன்பது, முப்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது என்று ஒரு முறை இருக்கிறது. ஹிந்தியில் 29 உந்தீஸ், 39 உன்தாலீஸ், 59 உன்ஸட். அடுத்து வரும் முப்பது, நாற்பது, அறுபதிலிருந்து ஒன்று குறைவு என்ற கணக்கில் அமைந்த பெயர்கள். ஆசிரியர் வேகமாக "உன்ஸட்" என்றதும் பிள்ளை மனத்தில் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த படி போய்விடும். "மேடம் சொன்னது புரியலம்மா" என்று பிள்ளை சொல்வது சாக்குப்போக்காக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து இடமாற்றத்தில் வந்து இரண்டொரு ஆண்டுகளே ஆன குடும்பங்களில் இது இன்னும் அதிகம். ஒன்று முதல் நூறு வரை ஹிந்தி எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, இரண்டு வாரம் காய்கறி வாங்கும்போது பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் சிக்கல்தான்.

ஹிந்திப் பாடத்திலும் இப்படித்தான். தமிழில் கதவும் ஜன்னலும் அஃறிணை, அவ்வளவுதான். ஹிந்தியில் தர்வாஸா ஆண்பால், கிட்கி பெண்பால்; வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறும். நம் பிள்ளைகள் கதைப் பகுதியில் நன்றாக எழுதிவிட்டு இலக்கணப் பகுதியில் மார்க்கை விடுவதற்கு இது ஒரு காரணம். புதிய சொல்லைக் கற்கும்போதே அதன் பாலையும் சேர்த்து எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும்.

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பிள்ளைக்குக்கூடப் பாடப் புத்தக ஆங்கிலம் வேறு மொழி போலத்தான். கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 1979-ல் பேச்சு வழக்கு மொழித்திறனையும் பாடத்துக்கு வேண்டிய மொழித்திறனையும் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் முன்னது சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பின்னதில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்பது அவருடைய ஆய்வில் கண்ட முடிவு. பிள்ளை விளையாட்டு மைதானத்தில் மடமடவென்று இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டுவிட்டு "இங்கிலீஷ்ல ஒண்ணும் குறையில்லை" என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் கேள்வித்தாளில் வரும் 'டிஸ்க்ரைப்', 'டிஸ்டிங்க்விஷ்', 'ஜஸ்டிஃபை' என்ற சொற்கள் வெவ்வேறு வகை விடைகளைக் கேட்கின்றன என்று அதற்குத் தெரிந்திருக்காது. முதலாவது விவரிக்கச் சொல்கிறது, இரண்டாவது வேறுபாடு காட்டச் சொல்கிறது, மூன்றாவது காரணம் காட்டி நிறுவச் சொல்கிறது. மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பத்தி எழுதிவிட்டு வரும் பிள்ளைக்கு மார்க் எப்படி வரும்? பழைய கேள்வித்தாள்களிலிருந்து இத்தகைய சொற்களைத் தேடி, ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று தமிழில் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டுத் தமிழை நிறுத்தலாமா?

மார்க் குறைந்ததும் சில இடங்களில் பெற்றோருக்குக் கிடைக்கும் அறிவுரை, "வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்கள்" என்பது. நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். பெற்றோரும் பயந்துபோய் அன்று முதல் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். இதில் இரண்டு நஷ்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, படிப்பிலேயே நஷ்டம். கருத்து ஒரு மொழியில் தெளிவாகிவிட்டால் மற்ற மொழியில் அதற்குப் பெயர் மட்டும் கற்றால் போதும். கம்மின்ஸ் வலியுறுத்தியதும் இதுவே: தாய்மொழியில் வேரூன்றிய சிந்தனை இரண்டாம் மொழிக்கும் உதவுகிறது. பின்னப் பெருக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று ஏன் என்று ஆங்கிலத்தில் விளக்கப் பத்து நிமிடம் ஆகும். தமிழில் எட்டில் ஒன்றுக்குப் பெயரே 'அரைக்கால்'. காலில் அரை. கணக்கின் விடை சொல்லிலேயே இருக்கிறது. பாட்டி இதைச் சமையலறையில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்த உதவியை நாமாகவே ஏன் மூட வேண்டும்?

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. மனசுவிட்டுப் பேச அம்மாவுக்குத் தமிழ்தான் வரும்; அவர் பழக்கமில்லாத ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் பேச்சு "ஹோம்வொர்க் ஓவர்?", "ஈட் ஃபாஸ்ட்" என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். வகுப்பில் யாரோ கேலி செய்தார்கள், ஆசிரியர் திட்டினார், பின் பெஞ்சிலிருந்து பலகை தெரியவில்லை என்பதையெல்லாம் பிள்ளை எந்த மொழியில் சொல்லும்? பதினோரு, பன்னிரண்டு வயதில் அந்தப் பேச்சு நின்றுபோனால் பிறகு தொடங்குவது கடினம். ஆங்கிலம் வளர வேண்டுமானால் தினம் கால் மணி நேரம் ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசிக்கட்டும். வீட்டுப் பேச்சு தமிழிலேயே இருக்கட்டும்.

படித்தது ஏன் மறக்கிறது?

இனி இரண்டாவது இனம். "நேத்து ராத்திரி ஒப்பிச்சானே, இன்னிக்கு எப்படி மறந்தது?" என்ற புலம்பலுக்கு ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே சற்று முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும், வாசித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவில் இருந்தது.

மார்க் ஏறி இறங்குவதன் ஒரு காரணம் இங்கே விளங்கும். முந்தின நாள் படித்த பாடத்திலிருந்து கேள்வி வந்தால் மார்க் ஏறுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் படித்ததிலிருந்து வந்தால் இறங்குகிறது. ஆகவே வாசிப்பைக் குறைத்து, மூடிவைத்து எழுதுவதைக் கூட்ட வேண்டும். பாடம் நடந்த அன்று மாலை புத்தகத்தை மூடிவைத்து ஐந்து வரி. மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. எழுதச் சலித்தால் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தமிழில் சொல்லட்டும். பெரியவர்கள் "அது ஏன்டா கண்ணா அப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளைக்குத் தனக்கு எது தெரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

தூக்கத்தையும் மறக்கக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து என்றால் ஐந்தரைக்கு எழ வேண்டும். எட்டரைக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும். பதினோரு மணி வரை விழித்துப் படித்தால் மறுநாள் தேர்வில் நான்காவது இனத் தவறுகள்தான் கூடும்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

ஐந்தாவது இன மார்க்கைக் காப்பாற்ற, சுவரில் ஒரு தாள் போதும். பாடம், என்ன கொடுக்க வேண்டும், எந்த நாள் என்று மூன்று கட்டம். பிள்ளையே எழுத வேண்டும். ஞாயிறு இரவு பத்து நிமிடம் நீங்கள் கூட இருந்து பார்த்தால் போதும். முதல் இரண்டு மாதம் கையைப் பிடித்துக் காட்டி, பிறகு மெல்ல விட்டுவிட வேண்டும்.

பெற்றோர் சந்திப்பில் "எப்படிப் படிக்கிறான் மேடம்?" என்று கேட்டால் "கவனம் போதாது" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதில், "எந்த அத்தியாயத்தில் தடுமாறுகிறான்? விடையை எந்த மாதிரி எழுதினால் நீங்கள் முழு மார்க் கொடுப்பீர்கள்? வகுப்பில் சந்தேகம் கேட்கிறானா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆசிரியரிடம் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகச் சொல்வார்கள்.

கண், காது சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். பலகை சரியாகத் தெரியாமல் மார்க் இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாயால் எல்லா விடையும் சொல்லிவிட்டு, எழுத்தில் மட்டும் எல்லா மொழியிலும் எழுத்துகள் இடம் மாறித் தொடர்ந்து தவறினால், உளவியல் நிபுணரைப் பார்ப்பது நல்லது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் சலுகைகளும் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்ட விதிகளைத் திருத்தியது. அதன்படி 5, 8 வகுப்புகளின் ஆண்டுத் தேர்வில் தேறாத மாணவருக்குக் கூடுதல் பயிற்சியும், முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வும் உண்டு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் இருக்க நேரலாம். எல்லா மாநிலங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால் உங்கள் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலேயே கவனித்துவிட்டால் எட்டாம் வகுப்பில் பதற வேண்டியதில்லை.

வீட்டுப் பேச்சு

முப்பத்தாறு வந்தால் "என் தங்கம், அறிவாளி!" என்றும், பதினெட்டு வந்தால் "உனக்கு எதுவும் ஏறாது" என்றும் சொல்வது நம் வழக்கம். 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்துக் கடினமான வினாக்களில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள்; "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஏறி இறங்கும் மார்க் உள்ள பிள்ளைக்கு இது மிகவும் பொருந்தும். ஒவ்வொரு தேர்வுக்கும் தான் அறிவாளியா முட்டாளா என்று தீர்ப்பு வருவதாக எண்ணினால், பயத்தில் விடைத்தாளையே மறைக்கத் தொடங்கிவிடும். சென்னையில் இருக்கும் சித்தப்பா பெண்ணோடு போனில் ஒப்பிட்டுப் பேசுவதையும் விட்டுவிடலாம். "இந்த முறை பின்னத்துல நாலு மார்க் கூடியிருக்கு, எப்படிப் படிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய் திறக்கும்.

கடைசியாக, சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பொறியாளர்கள், வங்கி அலுவலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹிந்தியில் தேர்ந்த, இங்கேயே வளர்ந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் விடைத்தாள்களோடு வந்து, தமிழில் சந்தேகம் கேட்டுப் போகலாம். புதிதாக மாற்றலாகி வரும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு வேறு என்ன இருக்கிறது? இவ்வாண்டே தொடங்குவோம். நம் பிள்ளைகள் அனைவரும் நன்கு படித்து உயர வாழ்த்துகள்.